இரண்டு பூட்டு, இரண்டு திறப்பு

"மகள் டொக்டருக்குப் படிச்சு முடிச்சிட்டாள். லண்டனுக்குப் போனால் உடனே பி.ஆர். கிடைக்குமாமே, பிள்ளை?"

களப்பணிக்குப் போகும் ஊர்களில் தாய்மார் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது. 2009 இல் முகாமில் சாப்பாட்டு வரிசையில் நின்ற சிறுவர்களில் சிலர் இன்று வைத்தியர்கள். கணவனை இழந்து, இடியப்பம் அவித்தும் கோழி வளர்த்தும் பிள்ளையைப் படிப்பித்த தாய்க்கு இது சிறிய வெற்றியல்ல. 2022 பொருளாதார நெருக்கடியின் பின்னர் எமது வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டுப் போகத் தொடங்கினர். அதோடு இந்த வீடுகளுக்கும் முகவர்கள் வரத் தொடங்கினர். சில வீடுகளில் காணி உறுதி அடகுக்குப் போய்விட்டது. ஆகவே பணம் கைமாற முன் ஒரு தாய் அறிந்திருக்க வேண்டியவற்றை இம்மாதம் பார்ப்போம்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டில் வைத்தியருக்கு முன்னால் இரண்டு பூட்டுகள் உள்ளன. ஒன்று, வைத்தியராக வேலை செய்வதற்கான பதிவு. அதை அந்நாட்டு மருத்துவ சபை தருகிறது. மற்றது, அங்கு வாழ்வதற்கான உரிமை. அதைக் குடிவரவுப் பகுதி தருகிறது. ஒன்றின் திறப்பு மற்றதைத் திறக்காது.

பிரித்தானியா

இங்கு பதிவுதான் முதலில். ஆங்கிலப் பரீட்சையான ஐ.ஈ.எல்.ரி.எஸ். இல் மொத்தமாக 7.5 உம், ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 7 உம் எடுக்க வேண்டும். அல்லது ஓ.ஈ.ரி. பரீட்சையில் ஒவ்வொரு பகுதியிலும் 'பி' தரம் வேண்டும். அடுத்து 'பிளாப்' பரீட்சை. முதற் பகுதி எழுத்துப் பரீட்சை. இரண்டாம் பகுதி செய்முறைப் பரீட்சை. அதற்கு மன்செஸ்டர் நகருக்கே போக வேண்டும். அதன் பின்னர்தான் வேலை தேடல். சித்தியடைந்தும் வேலை கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்திருப்போர் பலர்.

வேலை கிடைத்தால் 'சுகாதார, பராமரிப்பு ஊழியர் விசா' கிடைக்கும். அது நிரந்தர வதிவுரிமை அல்ல. இதுவரை இருந்த ஒழுங்கில், 5 ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்த பின்னரே நிரந்தர உரிமைக்கு விண்ணப்பிக்க முடிந்தது. இந்த 5 ஆண்டைப் பொதுவாக 10 ஆண்டாக்க வேண்டும் என்று 2025 மே மாதம் அந்நாட்டு அரசு வெள்ளை அறிக்கையில் முன்மொழிந்தது. ஆகவே "போன உடனே பி.ஆர்." என்று சொல்பவரின் பேச்சை நம்ப வேண்டாம்.

கனடா

இங்கு நிலைமை தலைகீழாகவும் இருக்கலாம். 2015 இல் தொடங்கிய 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' முறையில் வயது, படிப்பு, மொழித்திறன், வேலை அனுபவம் ஆகியவற்றுக்குப் புள்ளிகள் கொடுக்கிறார்கள். புள்ளி போதுமாக இருந்தால் குடும்பமாக நிரந்தர வதிவுரிமையுடனேயே போய் இறங்கலாம். ஆனால் வைத்தியராக வேலை செய்ய முடியாது. அதற்கு மாகாண மருத்துவ சபையின் அனுமதிப்பத்திரம் தேவை. கனடிய மருத்துவப் பேரவையின் பரீட்சை எழுத வேண்டும். பலர் அங்கே மீண்டும் வைத்தியசாலைப் பயிற்சிக்கு இடம் பிடிக்க வேண்டியிருக்கிறது. வெளிநாட்டில் படித்தோருக்கு அந்த இடங்கள் மிகக் குறைவு. வதிவுரிமை கையில் இருந்தும் களஞ்சியசாலையிலும் கடையிலும் நிற்கும் வைத்தியர்கள் அங்கு இருப்பது இதனால்தான்.

அவுஸ்திரேலியா

அவுஸ்திரேலிய மருத்துவப் பேரவையின் எழுத்துப் பரீட்சை 150 கேள்விகளைக் கொண்டது. அதன் பின்னர் செய்முறைப் பரீட்சையோ வேலைத்தல மதிப்பீடோ உண்டு. மேற்பார்வையின் கீழும் வேலை செய்ய வேண்டும். இன்னொரு விதி 1997 முதல் நடைமுறையில் உள்ளது. வெளிநாட்டில் படித்த வைத்தியர் அரச மருத்துவக் காப்புறுதியின் கீழ் நோயாளரைப் பார்ப்பதற்கு, பொதுவாக 10 ஆண்டுகள் வைத்தியர் பற்றாக்குறையுள்ள இடங்களிலேயே வேலை செய்ய வேண்டும். பெரும்பாலும் அவை நகரங்களுக்குத் தொலைவான ஊர்கள்.

இன்னுமொன்றையும் எமது குடும்பங்கள் கவனிக்க வேண்டும். நிரந்தர விசாவுக்குக் குடும்பத்தினரின் உடல்நலமும் பரிசோதிக்கப்படுகிறது. கணவன், மனைவி, பிள்ளைகளில் ஒருவர் அதில் தவறினால் எல்லோருடைய விண்ணப்பமும் மறுக்கப்படலாம். சில வகை விசாக்களுக்கு மட்டுமே விலக்குக் கோர முடியும். விசேட தேவையுள்ள குழந்தை இருக்கும் வீட்டில் இதை முதலிலேயே விசாரிக்க வேண்டும்.

மருமகளாகப் போகும் பெண்ணுக்கு

"மாப்பிள்ளை டொக்டர், வெளிநாட்டில்" என்றதும் சீதனத்தின் அளவு ஏறுகிறது. அவரிடம் இருப்பது தற்காலிக விசாவா, நிரந்தர வதிவுரிமையா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தற்காலிக விசா என்றால் மனைவியின் விசாவும் அவருடையதில் தங்கியிருக்கும். பிரித்தானியாவில் கணவனுடைய ஆண்டுகள் மனைவியின் கணக்கில் சேரா. அவள் போய் இறங்கிய நாளிலிருந்தே அவளுடைய கணக்குத் தொடங்கும். வீட்டில் வன்முறை நேர்ந்தால் உதவ இம்மூன்று நாடுகளிலும் ஏற்பாடுகள் உள்ளன. ஆனால் எல்லா விசாவுக்கும் அவை ஒரே மாதிரியானவை அல்ல. கடவுச்சீட்டையும் விசாவின் பிரதியையும் பெண் தன் கையிலேயே வைத்திருக்கட்டும்.

தாய்க்கு

"பிள்ளை போனால் என்னையும் எடுக்கும்" என்ற நம்பிக்கையில்தான் பல தாய்மார் உறுதியைக் கொடுக்கிறார்கள். பிரித்தானியா 2012 இல் இந்த விதியை மிகவும் இறுக்கிவிட்டது. முழுமையான பராமரிப்புத் தேவைப்படும் பெற்றோருக்கே பெரும்பாலும் அது பொருந்தும். அவுஸ்திரேலியாவில் சாதாரண பெற்றோர் விசாவுக்குக் காத்திருப்புக் காலம் ஏறக்குறைய 30 ஆண்டுகள். கனடாவில் 'சுப்பர் விசா' மூலம் ஒரு தடவைக்கு 5 ஆண்டுகள் வரை தங்கலாம். ஆனால் அது வதிவுரிமை ஆகாது. ஆகவே தாய்க்கென்று ஊரில் ஒரு கூரையும் ஒரு துண்டுக் காணியும் மிஞ்ச வேண்டும். இது பிள்ளையின் மேல் அவநம்பிக்கை அல்ல, முன்யோசனை.

முகவருக்குப் பணம் கொடுக்க முன்

மருத்துவ சபைகளின் பரீட்சைகளுக்கு வைத்தியரே தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். இலங்கை மருத்துவ சபையின் நன்னடத்தைச் சான்றிதழையும் அவரே பெறலாம். இதில் முகவருக்கு வேலை அதிகம் இல்லை. "அம்மாவும் பராமரிப்பு வேலைக்கு லண்டன் வரலாம்" என்று கூறிப் பணம் கேட்போரும் உள்ளனர். வெளிநாடுகளிலிருந்து புதிதாகப் பராமரிப்பு ஊழியரை எடுக்கும் வழியை பிரித்தானியா 2025 ஜூலையில் மூடிவிட்டது. முகவர் நிலையத்துக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் கேட்டறியலாம்.

போவதா, நிற்பதா என்பது பிள்ளையின் தீர்மானம். உறுதியைக் கொடுப்பதா என்பது உங்களுடைய தீர்மானம். கொடுக்க முன், பிள்ளையுடன் இருந்து ஒரு கொப்பியில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். பதிவுக்கு எந்தெந்தப் பரீட்சை, எவ்வளவு செலவு? கிடைக்கப்போவது எந்த விசா, எத்தனை ஆண்டில் நிரந்தரம்? ஒன்றும் சரிவராவிட்டால் கடனை யார் கட்டுவது? மூன்றாவதற்கு விடை கிடைக்கும் வரை உறுதி உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும்.