முதலில் லென்ஸ், அப்புறம் பாடி

கல்யாணம் பேசி முடித்து ஸ்டுடியோவுக்கு வரும் பெற்றோர், முன்பெல்லாம் ஆல்பம் எத்தனை பக்கம் என்றுதான் கேட்பார்கள். இப்போது எடுத்த எடுப்பிலேயே, “மிரர்லெஸ்லதானே எடுப்பீங்க?” என்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பயந்தே தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் மாதத் தவணையில் புத்தம்புது கேமரா பாடி வாங்கிவிடுகிறார்கள். பாளையங்கோட்டையில் ஸ்டுடியோ நடத்தும் நான் அவர்களில் சிலருக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவள். அந்த உரிமையில் சொல்கிறேன்: முகம் எடுத்துப் பிழைக்கப் போகிறீர்கள் என்றால் காசை முதலில் லென்ஸில் போடுங்கள். அந்த லென்ஸுக்கு ஒத்துப்போகிற பழைய மாடல் பாடியே போதும்.

சமீபத்தில் ஒரு தம்பி வந்தான். “அக்கா, 33 மெகாபிக்சல் பாடி ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். முன்பணம் கட்டினா கையில குடுத்துருவாங்க.”

“லென்ஸ் என்ன வாங்கப் போற?”

“கூட வர்ற கிட் லென்ஸ்தான் அக்கா. 85-ஐ அப்புறமா பார்த்துக்கலாம்.”

தவணை முடிகிற வரை அந்த ‘அப்புறம்’ வராது. அதுவரை கிட் லென்ஸை 70 எம்எம்முக்கு இழுத்து, எஃப் 5.6-இல்தான் எடுக்க வேண்டும். மணப்பெண்ணுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி, ஸ்டாண்டு ஃபேன், பந்திக்கு விரையும் கூட்டம் எல்லாம் படத்தில் வந்து உட்காரும். 33 மெகாபிக்சலில் அந்த நாற்காலி இன்னும் கொஞ்சம் தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான்.

மிரர்லெஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முகப்படத்துக்கு அதனால் உண்மையான லாபம் உண்டு. 85 எம்எம் லென்ஸை எஃப் 1.8-இல் திறந்து, ஒன்றரை மீட்டர் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் நான்கு சென்டிமீட்டர்கூட இல்லை. பழைய டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் கண்ணில் நிற்காமல் பளபளக்கும் நெற்றிச்சுட்டியிலோ மூக்குத்தியிலோ போய் நின்றுவிடும். கல் ஜொலிக்கும், கண் மங்கலாகிவிடும். அதில் ஃபோகஸ் பார்க்கும் சென்சார் வேறு, படம் பதியும் சென்சார் வேறு. இரண்டுக்கும் இடையில் இம்மி விலகினாலும் ஃபோகஸ் முன்னே பின்னே போகும். மிரர்லெஸ்ஸில் படம் பதியும் சென்சாரே ஃபோகஸும் பார்க்கிறது. கண்ணைத் தேடிப் பிடித்துக்கொள்ளவும் செய்கிறது. அதனால்தான் பழைய 85 ஒன்று மிரர்லெஸ்ஸில் ஏறியதும் புது லென்ஸ் மாதிரி வேலை செய்கிறது. ஆனால் இந்தக் கண் ஃபோகஸ் இன்று வந்த மாடல்களுக்கு மட்டும் சொந்தமில்லை. 2018-இல் வந்த சோனி ஏ7 மார்க் 3, 2019-இல் வந்த கேனான் ஆர்பி, 2020-இல் வந்த நிக்கான் இசட்5 மூன்றிலும் அது இருக்கிறது. மூன்றுமே ஃபுல் ஃப்ரேம்.

இவற்றில் எது என்பதை வீட்டில் இருக்கும் லென்ஸ்தான் சொல்ல வேண்டும். கேனானின் 85 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் 1992-இல் வந்தது. இன்னமும் பல ஸ்டுடியோக்களில் சோறு போடுகிறது. கேனான் அடாப்டர் ஒன்றைப் போட்டால் அது ஆர்பியில் ஆட்டோஃபோகஸோடு ஓடும். அடாப்டர் போட்டால் படத்தின் தரம் குறையும் என்று பயப்பட வேண்டாம். அதற்குள் கண்ணாடியே கிடையாது. 24 மில்லிமீட்டர் இடைவெளியை நிரப்பும் குழாய்தான்.

நிக்கான்காரர்கள்தான் உஷாராக இருக்க வேண்டும். பழைய 85 எஃப் 1.8 ‘டி’ லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. பாடியில் இருக்கும் மோட்டார்தான் அதைத் திருப்பும். நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் அந்த மோட்டாரை வைக்கவில்லை. அதனால் இசட்5-இல் அந்த லென்ஸ் பொருந்தும், படமும் விழும், ஆட்டோஃபோகஸ் மட்டும் ஓடாது. 2012-இல் வந்த ‘ஜி’ லென்ஸ் என்றால் சிக்கல் இல்லை. டி-யா ஜி-யா என்று லென்ஸைத் திருப்பிப் பார்க்க ஒரு நொடி ஆகாது.

கையில் லென்ஸே இல்லாதவர்களுக்கு சோனி சௌகரியம். அதன் 85 எஃப் 1.8 லென்ஸ் 371 கிராம்தான். அந்த மவுண்டுக்கு வெளிக் கம்பெனி லென்ஸ்களும் நிறைய உண்டு.

விலை குறைவு என்று கிராப் சென்சார் பாடி பக்கம் போகிறவர்கள் ஒரு கணக்குப் போட வேண்டும். ஃபுல் ஃப்ரேமில் 85 எம்எம் போட்டு இடுப்பு வரை ஒருவரை எடுக்க ஏழு அடி தூரம் போதும். அதே லென்ஸ் கிராப் பாடியில் ஏறினால் பதினோரு அடி வேண்டும். நம் ஊர் ஸ்டுடியோ அறைகள் பத்துக்குப் பன்னிரண்டு. ஆளுக்கும் திரைக்கும் நடுவில் இடம் விட்டு, எடுப்பவர் நிற்கவும் இடம் பார்த்தால், கேமரா வாசலுக்கு வெளியே போய்விடும். கிராப் பாடிதான் முடியும் என்றால் தாராளமாக வாங்குங்கள்; 85-ஐ விட்டுவிட்டு 50 எம்எம் அல்லது 56 எம்எம் போடுங்கள். அதில் அதுதான் முகத்துக்கான லென்ஸ்.

மெகாபிக்சல் விஷயத்துக்கும் கணக்கு இருக்கிறது. நாம் போடும் 12-க்கு 36 ஆல்பத்தை விரித்தால் ஒரு பக்கம் 12-க்கு 18 அங்குலம். 24 மெகாபிக்சல் படத்தின் நீளம் 6000 புள்ளி. அந்தப் பக்கம் முழுக்க ஒரே முகத்தைப் போட்டாலும் அங்குலத்துக்கு 333 புள்ளி கிடைக்கும். அச்சுக்கு 300 போதும். மீதி மெகாபிக்சல் ஹார்டு டிஸ்க்கை நிரப்பத்தான் உதவும்.

பழைய பாடிகளுக்குக் குறை இல்லாமல் இல்லை. ஆர்பியில் ஒரே கார்டு ஸ்லாட். கம்பெனிக் கணக்கே ஒரு சார்ஜுக்கு 250 படம்தான். தாலி கட்டும் நேரத்தில் கார்டு கெட்டால் யாரிடம் போய் அழுவது? அதனால் அவுட்டோர், ஸ்டுடியோ முகப்படம் எடுப்பவர்களுக்கு ஆர்பி. கல்யாணம் ஒப்புக்கொள்பவர்களுக்கு இரண்டு ஸ்லாட் உள்ள இசட்5 அல்லது ஏ7 மார்க் 3 என்பது என் தீர்ப்பு. பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் இல்லை என்பதும் ஆர்பி மீது சொல்லப்படும் குற்றம். ஆனால் முகப்படத்தில் ஆடுவது நம் கை மட்டுமில்லை, எதிரே இருப்பவரும்தான். அதற்கு ஷட்டரை 200-க்கு மேல் வைப்பதுதான் மருந்து. எந்த பாடியானாலும் மண்டபத்து எல்இடி வெளிச்சத்தில் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் போடாதீர்கள். முகத்தின் மேல் பட்டை பட்டையாகக் கோடு விழலாம்.

செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகும்போது உங்கள் லென்ஸையும் கையோடு எடுத்துப் போங்கள். கடைக்காரரையே எதிரே உட்கார வைத்து, முழுக்கத் திறந்து, கண்ணில் ஃபோகஸ் வைத்து எடுங்கள். திரையில் பெரிதாக்கி இமை முடியைப் பாருங்கள். பிறகு எஃப் 16-இல் வெள்ளைச் சுவரை ஒரு படம். சென்சாரில் கறையோ கீறலோ இருந்தால் புள்ளியாகத் தெரிந்துவிடும். ஷட்டர் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று கேளுங்கள். ஏ7 மார்க் 3-இன் ஷட்டரை இரண்டு லட்சம் தடவைக்குச் சோதித்ததாக சோனியே சொல்லியிருக்கிறது. ஒரிஜினல் பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். லென்ஸும் பழையதாக வாங்கினால் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் லென்ஸுக்கு வரும் முதல் நோய் அதுதான்.

பாடியில் மிச்சமாகும் பணத்துக்கு இரண்டு பேட்டரி, ஒரு ரிஃப்ளெக்டர், ஒரு நல்ல லைட் வாங்குங்கள். தவணைக் கடனை விட அவை முகத்தை அழகாக்கும்.

கல்யாண வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். ஸ்டுடியோவுக்கு வந்தால் கேமரா பெயரை விசாரிக்காதீர்கள். போன முகூர்த்தத்தில் எடுத்த ஆல்பத்தைக் கேட்டு வாங்கி, அதில் முகங்கள் எப்படி இருக்கின்றன என்று பார்த்து அட்வான்ஸ் கொடுங்கள்.