வீடு வாங்குகிறீர்களா? உங்களுக்கென்று ஒரு வக்கீல் வையுங்கள்



உங்களில் நிறையப் பேர் இப்போது வீடு வாங்கும் வயதில் இருக்கிறீர்கள். திருப்பூரிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் சம்பாதித்ததைக் கொண்டுவந்து துறையூரிலோ திருச்சியிலோ போடுகிறீர்கள். சந்தோஷம். ஆனால் "வக்கீலிடம் காட்டினாயா?" என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "பேங்க்லயே லீகல் பார்த்துட்டாங்க சார்."

பேங்க் பார்த்தது பேங்க்குக்காக. கொடுத்த கடனுக்கு அடமானம் போதுமா என்பதுதான் அவர்கள் கவலை. கருத்துரையும் பேங்க் பெயருக்குத்தான் எழுதப்படும். கட்டணம் மட்டும் உங்கள் கணக்கில் பிடிப்பார்கள்! நாளைக்குச் சொத்தில் தகராறு வந்தாலும் தவணை நிற்காது.

தரகருக்கு வியாபாரம் முடிந்தால்தான் கமிஷன். பத்திரம் எழுதுகிறவரை நான் குறை சொல்லவில்லை. நம் ஊரில் அனுபவஸ்தர்கள் இருக்கிறார்கள். ஆனால் சொன்னதைப் பிழையில்லாமல் எழுதித் தருவது அவர் வேலை. விற்கிறவருக்கு உரிமை உண்டா என்று தோண்டிப் பார்ப்பதற்கு அவரை நாம் அமர்த்தவில்லை. சரி, சார்பதிவாளர்? "ரிஜிஸ்தர் ஆகிவிட்டதே, அப்புறம் என்ன?" என்கிறார்கள். 2025 ஏப்ரலில் நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, விற்பவருக்கு உரிமை உண்டா என்று தீர்மானிக்கும் அதிகாரம் பதிவு அதிகாரிக்குக் கிடையாது. ஆக, இத்தனை பேர் கை பட்டும் உங்களுக்காக மட்டும் பார்த்தவர் ஒருவருமில்லை.

வில்லங்கச் சான்று எடுத்தோம், சுத்தமாக இருக்கிறது என்பீர்கள். பதிவான பத்திரங்கள்தான் அதில் வரும். வாய்மொழிப் பாகப்பிரிவினை வராது, பதியாத ஒப்பந்தம் வராது. அப்பா இறந்து பாகம் பிரிக்காமல் கிடக்கும் வாரிசுகளின் பங்கும் வராது. நம் பக்கத்துக் கிராமங்களில் சிக்கல் தொடங்குவது பெரும்பாலும் இந்தக் கடைசி விஷயத்தில்தான். பட்டா அண்ணன் பெயரில் இருக்கும். கட்டிக்கொடுத்த தங்கைகளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "சீர் செய்தாச்சே, அவங்களுக்கு என்ன பங்கு?" என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. இந்துக் குடும்பங்களில், உயில் எழுதாமல் இறந்த தகப்பனாரின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்று 1956-லேயே சட்டம் வந்துவிட்டது. பூர்வீகச் சொத்துக்குத் தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதற்கும் 2005-லும் திருத்தம் வந்தது. 2005-க்கு முன்பே தகப்பனார் இறந்திருந்தாலும் மகளுக்குப் பங்கு உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

என்னிடம் படித்த ஒரு பெண், தன் கையெழுத்து இல்லாமல் அண்ணன் விற்ற மனைக்காக வழக்குப் போட்டிருக்கிறாள். அதை வாங்கி வீடு கட்டிக் குடியிருப்பவனும் என்னிடம் படித்தவன்தான். இரண்டு பேரும் எனக்குப் போன் செய்கிறார்கள். அவள் கேட்பது நியாயம். அவன் கொடுத்ததும் முழுப் பணம். வாரிசுச் சான்றை வாங்கிப் பார்த்து, "இந்தத் தங்கை எங்கே கையெழுத்துப் போட்டிருக்கிறார்?" என்று கேட்க அன்றைக்கு அவன் பக்கத்தில் ஒரு வக்கீல் இல்லை.

ஸ்ரீரங்கத்தில் உள்ளவர்களுக்கு அடிமனைப் பிரச்சினையை நான் விளக்க வேண்டியதில்லை. தலைமுறைகளாகக் குடியிருக்கும் மனை கோயிலுக்குச் சொந்தமா, குடியிருப்போருக்கா என்ற கேள்வியில் எத்தனையோ பேர் விற்கவும் முடியாமல் கடன் வாங்கவும் முடியாமல் தவித்தார்கள். திருச்செந்துறையில் 2022 செப்டம்பரில் ஒருவர் தன் நிலத்தை விற்கப் போனபோதுதான், வக்பு வாரியத்தின் தடையில்லாச் சான்று வேண்டும் என்று பதிவு அலுவலகத்தில் சொன்னார்கள். நாடு முழுக்கப் பேசப்பட்ட செய்தி அது. யார் பக்கம் நியாயம் என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை (கமென்ட்டில் நீங்களும் அதைத் தொடங்க வேண்டாம்). பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு 2016 அக்டோபர் 20 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. கோயில், வக்பு, அரசு நிலங்களும் அனுமதியற்ற மனைகளும் அதில் அடங்கும். உங்கள் சர்வே எண் அந்தத் தடைக்குள் வருகிறதா என்பதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒருவர் விசாரித்துச் சொல்ல வேண்டாமா?

30 லட்ச ரூபாய் மதிப்புள்ள வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 2 லட்சத்து 70 ஆயிரம். அதைக் கட்டுகிறோம். தரகருக்கும் கொடுக்கிறோம். கிரகப்பிரவேசத்துக்குச் சமையல்காரரை மூன்று பேரிடம் விசாரித்து வைக்கிறோம். வக்கீல் பீஸ் என்றால் மட்டும் முகம் சுருங்குகிறது.

யாரைப் பிடிப்பது என்று கேட்பீர்கள். துறையூரிலோ திருச்சியிலோ சிவில் வழக்கு நடத்துகிறவராக இருக்கட்டும். சொத்து வழக்கில் எது எங்கே உடையும் என்று பார்த்துப் பழகியவர் அவர். விற்கிறவரோ தரகரோ கைகாட்டும் வக்கீல் வேண்டாம், அவர் எவ்வளவு நல்லவரானாலும். கருத்துரையை எழுத்தில், உங்கள் பெயருக்கு, கையெழுத்துடன் வாங்குங்கள். மூலப் பத்திரங்களின் அசலைப் பார்த்தாரா, நகலை மட்டுமா என்று கேளுங்கள். வழக்கு ஏதும் நிலுவையில் உள்ளதா என்று தேடச் சொல்லுங்கள்.

அளவுக்கு வக்கீல் போதாது. விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் சர்வேயர் வந்து அளந்து காட்டுவார். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. கால் சென்ட் பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்குள் போயிருந்தால்கூடத் தெரிந்துவிடும். கட்டிய வீடு என்றால் கட்டியவரைக் கேட்காமல் வேறொரு இன்ஜினியரை அழைத்துப் போங்கள். அனுமதி வாங்கிய வரைபடத்தில் இல்லாத மாடி ஒன்று மேலே நிற்கலாம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் பவர் பத்திரம் கொடுத்து மாமாவையோ மச்சானையோ அனுப்புகிறீர்கள். அனுப்புங்கள். ஆனால் வக்கீலின் கருத்துரை வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நேராக வரட்டும். படித்துப் புரியாத இடத்தை அவரிடமே கேளுங்கள். அதுவரை அட்வான்ஸ் பணம் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.