முதுகையும் கணக்கில் சேருங்கள்

மார்பகத்தில் சிலிக்கோன் வைப்பது நடிகைகளின் சமாச்சாரம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். புற்றுநோயால் மார்பகத்தை இழந்த பெண்ணுக்கும் அதே உள்வைப்புதான் பொருத்தப்படுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். 2018-இல் தமிழக அரசு, சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் மார்பக அறுவைச் சிகிச்சையை இலவசமாக்கியபோது, உயிர்காக்கும் சிகிச்சை இருக்க இது ஏழைகளுக்குத் தேவையா என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. ஏழைப் பெண்ணுக்கு எது பாதுகாப்பானது என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்?

அறுவை மருத்துவர்கள் பாதுகாப்பைப் பார்க்காமல் இல்லை. 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் தனது சொரசொரப்பான 'பயோசெல்' உள்வைப்புகளை உலகெங்கும் மீட்டுக்கொண்டது. உள்வைப்பைச் சுற்றி உருவாகும் தழும்புத் திசுவில் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் தோன்றியதே காரணம். உலக அளவில் 573 பேருக்கு நோய், அவர்களில் 33 பேர் மரணம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அப்போது அறிவித்தது. அரிய நோய்தான்; ஆயினும் மருத்துவர்கள் பலர் வழவழப்பான வகைக்கு மாறினர். கதிரியக்கச் சிகிச்சை பெற்றவருக்கு உள்வைப்பைச் சுற்றிய திசு இறுகிவிடும் அபாயம் அதிகம். அதனால் அவருடைய சொந்தத் திசுவைக் கொண்டே மார்பகம் அமைப்பதும் உண்டு.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி. அந்தத் திசு எங்கிருந்து எடுக்கப்படுகிறது? பெரும்பாலும் வயிற்றிலிருந்து, சிலருக்கு முதுகுத் தசையிலிருந்து. நான் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள். சரிவில் நின்று கொழுந்து வெட்டவும், நிரம்பிய மூட்டையைத் தூக்கவும் எங்கள் பெண்களுக்கு இருப்பது அந்த முதுகும் தோளும்தானே? அலுவலகத்தில் அமர்ந்திருப்பவருக்குச் சிறு பலவீனமாகத் தோன்றுவது இங்கே கூலியில் கைவைக்கும்.

சரி, சிலிக்கோனே போதும் என்றால், அது ஆயுள் முழுவதும் நிலைக்கும் பொருளன்று. பொருத்திய 5, 6 ஆண்டுகளில் ஒரு ஸ்கேன், பிறகு 2, 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை என்கிறது அதே நிர்வாகம். எங்களுக்குப் பெரிய மருத்துவமனை என்றால் ஈப்போதான். ஒருநாள் சம்பளம் போகும். வளைவுக்கு வளைவு வாந்தி வேறு!

எங்கள் லயத்து அத்தை ஒருவர் எதுவும் வேண்டாமென்று உள்ளாடைக்குள் துணியை மடித்து வைத்துக்கொண்டார். அது அவருடைய முடிவு, மதிக்கிறேன். ஆனால், "என்ன வேலை செய்றீங்கம்மா?" என்று அவரிடம் யாருமே கேட்கவில்லையாம்.

மருத்துவம் பயிலும் தோழர்களே, நாளை நீங்கள் நிரப்பும் குறிப்பேட்டில் நோயாளியின் வேலையையும் ஊரையும் எழுதுங்கள். அதையும் தமிழிலேயே கேளுங்கள். மலாயில் கேட்டால் எங்கள் அத்தைமார் "ஓகே டாக்டர்" என்று தலையாட்டிவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள்.