கோணலா பிடிச்சாலும் கோவிச்சுக்காத கண்ணாடி!

சிவில் பசங்களுக்கு சர்வே கேம்ப்னா பாதி பிக்னிக், பாதி தண்டனை. அங்கே நான் வாங்கின பல்பு கதை இது.

டோட்டல் ஸ்டேஷன்னு ஒரு கருவி. தூரத்துல கம்புல மாட்டியிருக்கிற பிரிசத்துக்கு ஒளியை அனுப்பி, அது திரும்பி வர்றதை வெச்சு தூரத்தைச் சொல்லும். உச்சி வெயில்ல கம்பு பிடிச்ச நண்பன், பிரிசத்தை லேசா வேற பக்கம் திருப்பி வெச்சிருந்தான். 'போச்சுடா!'னு நினைச்சேன். ஆனா, ரீடிங் ஜம்முனு வந்துச்சு!

சாதா கண்ணாடி 1 டிகிரி திரும்பினா, ஒளி 2 டிகிரி விலகிடும். 100 மீட்டர் தள்ளி நின்னா, கிட்டத்தட்ட மூணரை மீட்டர் அந்தப் பக்கம் போய் விழும். பிரிசம் எப்படித் தப்பிக்குது?

உங்க ஹாஸ்டல் ரூம் மூலையைப் பாருங்க. ரெண்டு சுவர், ஒரு தரை... ஒண்ணுக்கொண்ணு செங்குத்து. மூணும் கண்ணாடினு வெச்சுக்குங்க. முன்-பின், இட-வல, மேல்-கீழ்னு ஒவ்வொரு கண்ணாடியும் ஒளியோட ஒரு திசையைத் தலைகீழாக்கும். மூணுலயும் பட்டுட்டா, ஒளி வந்த திசைக்கே திரும்பிடும். இதுதான் ரெட்ரோரிஃப்ளெக்டர். சைக்கிள் பின்னாடி இருக்கிற சிவப்பு வில்லைக்குள்ளயும் இதே மாதிரி குட்டிக் குட்டி மூலைகள்தான்!

1969-ல அப்போலோ 11 வீரர்கள் நிலாவுல இப்படி 100 பிரிசங்களை வெச்சுட்டு வந்தாங்க. அதுல லேசர் அடிச்சு அளந்துதான் நிலா வருஷத்துக்கு 3.8 செ.மீ. விலகிப் போகுதுனு கண்டுபிடிச்சாங்க. நம்ம சந்திரயான்-3 விக்ரம் லேண்டர்லயும் நாசாவோட ரெட்ரோரிஃப்ளெக்டர் இருக்கு. 2023 டிசம்பர்ல நாசாவோட ஆர்பிட்டர் 100 கி.மீ. தூரத்துல இருந்து லேசர் அடிச்சு, பதில் வாங்கிடுச்சு.

சரி, பல்பு? சாயங்காலம் சார் வந்து, டேப்ல சரியா 20 மீட்டர் அளந்து, "இதை அடிச்சுக் காட்டு"ன்னார். கருவி காட்டினது 20.03!

கண்ணாடிக்குள்ள ஒளி மெதுவா போகும். அதனால தூரம் கூடுதலா தெரியும். அதைக் கழிக்க 'பிரிசம் கான்ஸ்டன்ட்'னு ஒரு எண்ணைக் கருவியில கொடுக்கணும். எங்க பிரிசத்துக்கு மைனஸ் 30 மி.மீ. நான் காலையில செட் பண்ணினது... பூஜ்யம்!

"கழிச்சுக்கலாம் சார்"னு இழுத்தேன். "கழிக்கலாம். ஆனா, மறுபடி எடுத்தாதான் மறக்க மாட்டே"ன்னார். மறுநாள் ஆறு பேரும் அதே வெயில்ல. யாரும் என்கூடப் பேசலை.

பிரிசம் மன்னிக்கும் பாஸ். டீம்மேட்ஸ் மன்னிக்க, ஆளுக்கொரு பரோட்டா செட் ஆச்சு!