பொன்னாடையும் கறையானும்: தொண்டர் மரபு பேணல் பற்றிய ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழ்க் கிராமங்களின் சமூக வாழ்வில் சனசமூக நிலையங்களும் வாசிகசாலைகளும் பெற்றுள்ள இடம் தனித்து ஆராயப்பட வேண்டியதொன்றாகும். பத்திரிகை வாங்க வசதியற்றவனுக்கு ஒரு வாசிப்பு மேசையையும், வீட்டில் விளக்கில்லாத மாணவனுக்கு ஒரு வெளிச்சத்தையும், வெள்ளவாய்க்கால் வெட்டுவதற்கு ஒரு சிரமதானக் கூட்டத்தையும் ஏற்படுத்திக் கொடுத்தவை இந்நிலையங்களே. ஊதியம் எதிர்பாராத தொண்டர்களின் உழைப்பிலேயே அவை எழுந்தன. எனினும், அத்தொண்டினைக் கௌரவிப்பதாகக் கூறி இன்று நடாத்தப்படும் சடங்குகள் அத்தொண்டின் வரலாற்றையே மறைத்து நிற்கின்றன என்பது பலரும் கூறத் தயங்கும் உண்மையாகும்.

ஆண்டு விழா ஒன்றினை நோக்கினால் இது விளங்கும். போஷகருக்குப் பொன்னாடை போர்த்தப்படுகின்றது. கட்டடத்துக்குப் பணம் அனுப்பியவரின் பெயர் பளிங்குக் கல்லிற் பொறிக்கப்படுகின்றது. விழா மலரின் முன்பகுதியை ஆசிச் செய்திகளும் பின்பகுதியை வர்த்தக விளம்பரங்களும் நிரப்புகின்றன. இடையே ஒன்றரைப் பக்கத்தில் வரும் நிலைய வரலாறோ, 'பல பெரியார்களின் அயராத முயற்சியினால்' என்ற வாய்பாட்டுடன் முடிந்துவிடுகின்றது. யார் அந்தப் பலர்? காணியைக் கொடுத்தவர் யார்? கல் சுமந்தவர் யார்? நாள்தோறும் மாலையில் கதவைத் திறந்து பத்திரிகைகளை விரித்துவைத்தவர் யார்? இவ்வினாக்களுக்குரிய விடை நிலையத்தின் பழைய கூட்டறிக்கைப் புத்தகத்தில் உண்டு. விழா மேடைக்குப் பின்னாலுள்ள அலுமாரியில் அப்புத்தகத்தைக் கறையான் தின்றுகொண்டிருக்கின்றது.

பதிவின் பெறுமதிக்கு யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தோற்றமே தக்க சான்றாகும். 1933இல் கே. எம். செல்லப்பா என்பவர் தமது வீட்டிலிருந்து நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கிய முயற்சியே அதன் வித்தாகும். அடுத்த ஆண்டில் ஆர்வலர் பலர் கூடி, ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்குப் பெற்ற ஓர் அறையில் 844 நூல்களுடன் அதனைப் பொது நூலகமாக்கினர். 1959இல் அழகிய கட்டடத்திற் குடியேறிய அந்நூலகம் 1981இல் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அத்தீயின் கொடுமை உலகறிந்தது. ஆனால் 844 என்ற எண்ணை இன்று எவ்வாறு கூற முடிகின்றது? எவரோ ஒருவர் அந்நூல்களை ஒவ்வொன்றாக எண்ணி எழுதிவைத்தமையினாலன்றோ! ஒரு நகரத்தின் பெருமை அந்தச் சிறிய எண்ணிலிருந்தே தொடங்குகின்றது.

கிராமத்துக் கூட்டறிக்கைப் புத்தகங்களும் இத்தகையனவே. சந்தா கொடுத்தோர், கொடுக்க இயலாதோர், வாங்கிய பத்திரிகைகள், கூட்டங்களில் எழுந்த பிணக்குகள் யாவும் அவற்றிற் பதிவாகும். விழா மலர்கள் கூற விரும்பாதனவற்றையும் அவை கூறக்கூடும். ஒரே கிராமத்தில் இரண்டு வாசிகசாலைகள் தோன்றியமைக்குச் சாதி காரணமாக இருந்திருப்பின், அதற்கான தடயம் உறுப்பினர் பட்டியலில் இருக்கும். ஒரு மேசையில் அமர அனுமதி மறுக்கப்பட்டவர்கள் தமக்கென வேறொரு மேசையைச் செய்துகொண்டதும் தொண்டின் வரலாறே. மரபு பேணல் என்பது புகழ்ச்சிக்குரியதைத் தெரிந்தெடுத்துக் கண்ணாடிச் சட்டத்திலிடுவதாயின், அது வரலாறாகாது, விளம்பரமாகும்.

தொண்டு செய்தவனுக்குப் பெயர் எதற்கு, வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாதே என்று வாதிப்போர் உளர். இது தொண்டனின் வாயிலிருந்து வருமாயின் அடக்கமாகும். அவன் உழைப்பால் வளர்ந்த நிறுவனத்தின் வாயிலிருந்து வருமாயின் நன்றிமறதியாகும். மேலும், இதே நியாயம் பளிங்குக் கல்லிற் பெயர் பொறிக்கும்போது மட்டும் மறக்கப்படுவது ஏன்? பணத்தின் இடக்கை அறியலாம், உடலுழைப்பின் இடக்கை அறியலாகாது என்பது எந்த அறம்? நிதி வழங்குவோரை ஊக்குவித்தல் அவசியமே. அதனை எவரும் மறுக்கவில்லை. பொன்னாடைக்குச் செலவிடும் தொகையில் ஒரு சிறு பங்கையேனும் பழைய ஏடுகளைக் காப்பதற்குச் செலவிடாமையே இங்கு கண்டிக்கப்படுகின்றது.

எல்லாம் யுத்தத்தில் அழிந்துவிட்டன என்ற விடையும் முற்றாகப் பொருந்துவதன்று. 1990இலும் 1995இலும் ஊரோடு ஊராக மக்கள் இடம்பெயர்ந்தபோது எத்தனையோ நிலையங்களின் ஆவணங்கள் அழிந்தன என்பது உண்மையே. எனினும் உறுதிகளோடும் குடும்பப் படங்களோடும் நிலையத்தின் பதிவேட்டையும் சுமந்து சென்ற செயலாளர்கள் இருந்திருப்பர். அவர்கள் முதுமை எய்திவிட்டனர். அவர்களது வீட்டுப் பரண்களில் எஞ்சியிருப்பவை ஒரு வீடு திருத்தும் நாளிற் குப்பையோடு எரிந்துபோகும். அத்தீயை மூட்டுவோர் பகைவராக இருக்கமாட்டார்.

செய்யவேண்டியது பெருஞ்செலவுக்குரியதன்று. பழைய புகைப்படங்களின் பின்புறத்திற் பெயர்களை எழுதுதல், முதியோரின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்தல், கூட்டறிக்கைகளைப் படியெடுத்தல் ஆகியவற்றை ஒரு விடுமுறைக் காலத்தில் ஒரு கிராமத்து இளைஞர் செய்து முடிக்கலாம். தன்னார்வலரால் 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் மலர்களையும் ஆவணங்களையும் திரட்டிப் பேணி வருகின்றது. தொண்டின் வரலாற்றைத் தொண்டாலேயே காக்கலாம் என்பதற்கு அது கண்கண்ட சான்று.

பல்கலைக்கழகத்தார்க்கும் இதிற் பெரும் பொறுப்புண்டு. வரலாறு, சமூகவியல், தமிழ் ஆகிய துறைகளின் மாணவர் தத்தம் ஊர் நிலையங்களை ஆய்வுப் பொருளாகக் கொள்ளலாம். அதற்கு முன்னர், ஆண்டுதோறும் மலர் வெளியிட்டு விழா எடுக்கும் தமிழ்ச் சங்கங்கள் தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளட்டும்: முதலாவது மலரிலிருந்து இன்றைய மலர்வரை முழுத் தொகுதியும் சங்கத்தின் கையில் உண்டா? அச்சகத்தில் இரவு விழித்துப் படி திருத்திய மாணவரின் பெயர் எங்கேனும் எழுதப்பட்டுள்ளதா? இல்லையெனில், அடுத்த விழாவிற் பொன்னாடையை விரிக்குமுன் அலுமாரியைத் திறப்பதே முறையாகும்.