ஸ்டீராய்டுக்கு 'சரியான வயது' இல்லை

உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் 2024-ஆம் ஆண்டுக் கணக்கில் 7,113 மாதிரிகளில் 260-இல் ஊக்கமருந்து கண்டறியப்பட்டு இந்தியா மீண்டும் முதலிடத்தில் நிற்கும் வேளையில், உடலை முறுக்கேற்ற ஸ்டீராய்டு தொடங்க எந்த வயது சரி என்ற ஜிம் கேள்விக்குப் பதில் ஒன்றே: எந்த வயதும் இல்லை. 18 முடிந்தால் போதும், 25 ஆனால் ஆபத்தில்லை என்பதெல்லாம் விற்பவர் போடும் கணக்கு. வளரும் பருவத்தில் எலும்பு நுனிகள் முன்கூட்டியே மூடி உயரம் நின்றுவிடும்; முப்பதில் தொடங்கினாலும் சொந்த டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு ஒடுங்கும், விந்தணு குறையும், இதயத் தசை தடிக்கும். பருவம் எய்தத் தாமதமாகும் சிறுவனுக்கு மருத்துவர் அளந்து தருவது வேறு. டம்பெல் அடுக்குக்குப் பின்னால் கைமாறும் புட்டி வேறு. நாண்ட்ரோலோன், ஸ்டானோசோலோல் ஆகிய ஸ்டீராய்டுகள் அட்டவணை 'எச்' மருந்துகள். மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவை. 2022-ஆம் ஆண்டின் ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் போட்டி விளையாட்டையே குறிவைக்கிறது. மே மாதக் கோடை விழாவுக்குள் மார்பை அகலமாக்க நினைக்கும் சேலம் மாவட்டத்து ஏற்காட்டுக் காப்பித் தோட்ட இளைஞன் அதன் கண்ணில் படமாட்டான். ஆகவே மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சேலத்து மருந்துக் கடைகளோடு நில்லாமல், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையிலும் அதன் அடிவாரத்திலும் உள்ள ஜிம்களுக்குள்ளும் நுழைய வேண்டும். ஊசி போடும் பயிற்சியாளர் மீது வழக்குப் பதிய வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனை இல்லாத ஆணழகன் போட்டி எதற்கும் மாவட்ட நிர்வாகம் அனுமதி தரக் கூடாது.