காற்றணையும் கரமனைச் சாலையும்: ஒரு பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றும் உரிமை யாருடையது?

பிக்கப் வண்டிகள் பலவற்றில் முன்பம்பருக்கு அடியில் தரையை நோக்கித் தொங்கும் கறுப்பு பிளாஸ்டிக் பட்டை ஒன்று உண்டு. ஏர் டேம் என்பது அதன் பெயர்; தமிழில் காற்றணை எனலாம். வேகத்தடைகளில் உரசி உடையும் அந்தப் பட்டையைக் கழற்றிவிடலாமா என்பது வண்டிக்காரரும் மெக்கானிக்கும் ஐந்து நிமிடத்தில் பேசி முடித்துக்கொள்ளும் காரியமாகத் தோன்றும். ஆயினும் ஒரு பொருளை வடிவமைப்பவர், அதை ஓட்டிப் பிழைப்பவர், அதைச் சட்டத்தின் பெயரால் சோதிப்பவர் ஆகிய மூவரும் சந்திக்கும் இடம் அது. தொழில்நுட்பத்தையும் சமூகத்தையும் சேர்த்துப் படிக்கும் மாணவர்கள் கவனிக்கத்தக்க இடமும் அதுவே.

காற்றணை அலங்காரப் பொருள் அன்று. வண்டி விரையும்போது முன்னிருந்து வரும் காற்றில் ஒரு பகுதி அடிப்பாகத்திற்குள் நுழைகிறது. அங்கே அச்சு, எண்ணெய்த்தொட்டி, புகைபோக்கிக் குழாய் எனச் சமமற்ற பரப்புகளில் மோதிச் சுழல்கிறது. வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது. காற்றணை அந்தக் காற்றின் அளவைக் குறைக்கிறது. தனக்குப் பின்னால் தாழ்ந்த அழுத்தமுள்ள பகுதி ஒன்றையும் உருவாக்குகிறது. அந்த அழுத்த வேறுபாடு ரேடியேட்டரின் வழியாகக் காற்று இழுக்கப்படுவதற்குத் துணைசெய்கிறது. எரிபொருள் சேமிப்பு, இயந்திரக் குளிர்ச்சி என இரண்டு பணிகள் அந்தப் பட்டைக்கு உண்டு.

இவ்விரு பணிகளும் வேகத்தைப் பொறுத்தவை. காற்றின் எதிர்விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். மணிக்கு 25 கிலோமீட்டரில் செல்லும் வண்டி 75 கிலோமீட்டரை எட்டும்போது வேகம் மும்மடங்காகிறது. எதிர்விசையோ ஒன்பது மடங்காகிறது. ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வண்டியின் எடை 2,000 கிலோ, இழுவைக் கெழு 0.45, முன்பரப்பு 2.8 சதுர மீட்டர், டயரின் உருளல் தடைக் கெழு 0.012 எனக் கொள்வோம். 25 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் தடை ஏறத்தாழ 36 நியூட்டன். டயர்களின் தடையோ 235 நியூட்டன். 75 கிலோமீட்டரில் காற்றின் தடை 328 நியூட்டனாகி டயர்களின் தடையை முந்திவிடுகிறது. காற்றணை காற்றின் தடையை நூற்றுக்கு ஐந்து குறைப்பதாக வைத்துக்கொண்டால், 75-இல் கிடைக்கும் நன்மை 16 நியூட்டன். 25-இல் இரண்டு நியூட்டனுக்கும் குறைவு. முதலாவது கணிசமான சேமிப்பு. இரண்டாவதை ஓட்டுநரின் பணப்பை உணரவே உணராது.

இந்த இரண்டு வேகங்களும் ஒரே நகரத்தில் இருக்கின்றன என்பதே திருவனந்தபுரத்தை இவ்விவாதத்திற்குப் பொருத்தமான இடமாக்குகிறது. நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாக வரும் பழைய தேசிய நெடுஞ்சாலை 47, கரமனை ஆற்றைக் கடந்து நகருக்குள் நுழைகிறது. தோவாளைப் பூவும் தமிழகக் காய்கறியும் சாலைக் கடைத்தெருவுக்கு வந்து சேரும் பழைய தடம் இது. கரமனைக்கும் கிள்ளிப்பாலத்துக்கும் இடையே வண்டி ஊர்ந்து செல்லும் நேரமே அதிகம். அதே வண்டி கழக்கூட்டம்–காரோடு புறவழிச்சாலையில் ஏறினால், தரைக்கும் பட்டைக்கும் இடையிலான இடைவெளியைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாத வேறொரு உலகம் வந்துவிடுகிறது. புறவழிச்சாலையில் காற்றணைக்கு வேலை இருக்கிறது. கரமனையில் அதற்கு உரசல் மட்டுமே மிச்சம்.

உரசலுக்குக் காரணம் பட்டை மட்டுமன்று. பொதுப் போக்குவரத்துச் சாலைகளில் அமையும் வளைவு வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டிருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டரில் ஒரு வண்டி அதைச் சீராகக் கடக்க முடிய வேண்டும் என்று இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டி நெறி ஐஆர்சி 99 கூறுகிறது. நம் ஊர்த் தெருக்களில் 'ஹம்ப்' என்று வழங்கும் மேடுகளில் எத்தனை இந்த அளவுக்கு அடங்கும் என்பதை அன்றாடம் வண்டி ஓட்டுபவர்கள் அறிவார்கள். அகலம் குறைந்து செங்குத்தாக எழும் மேட்டின் முன் ஓட்டுநர் பிரேக்கை அழுத்துகிறார். வண்டியின் மூக்கு தாழ்கிறது. பட்டை சரியாக அந்தக் கணத்தில் மேட்டைத் தொடுகிறது. அளவுக்கு மீறிய மேட்டைக் கட்டியவர் எந்தச் சோதனைச் சாவடியிலும் நிறுத்தப்படுவதில்லை. உடைந்து தொங்கும் பட்டையைக் கழற்றியவருக்குத்தான் விளக்கம் சொல்ல வேண்டிய நிலை வருகிறது.

ஒவ்வொரு தொழில்நுட்பப் பொருளும் தன்னைப் பயன்படுத்தப்போகும் மனிதரையும் அவர் வாழும் உலகத்தையும் குறித்த ஒரு கற்பனையைத் தனக்குள் எழுதி வைத்திருக்கிறது என்றார் பிரெஞ்சுச் சமூகவியலாளர் மதலேன் அக்ரிஷ், 1992-இல் வெளியான தம் கட்டுரையில். வேகத்தடையைத் தூங்கும் காவலராகக் கண்டு எழுதியவர் புருனோ லத்தூர். கரமனையில் இவ்விரண்டும் மோதுகின்றன. காற்றணைக்குள் எழுதப்பட்டிருப்பது தடையற்ற நெடுஞ்சாலை. வேகத்தடைக்குள் எழுதப்பட்டிருப்பது நம்பத்தகாத ஓட்டுநர். இந்த இரண்டு கற்பனைகளுக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்டவர் ஸ்பேனரை எடுக்கிறார். அதை அறியாமை என்று பெயரிடுவது எளிது. உண்மையில் அது தன் சாலையைத் தானே அளந்து பார்த்த ஒருவரின் முடிவு.

அந்த முடிவு எப்போதும் சரியானது என்பதும் இதற்குப் பொருளன்று. குறைந்த வேகத்தில் ரேடியேட்டரைக் குளிர்விப்பது விசிறியே. அங்கே பட்டை இல்லாததால் பெரிய இழப்பில்லை. சித்திரை வெயிலில், முழுச் சுமையுடன், புறவழிச்சாலையில் தொடர்ந்து விரையும் வண்டிக்கு நிலைமை வேறு. அங்கே பட்டை இல்லாமற்போனால் இயந்திரத்தின் வெப்பம் உயரக்கூடும். அமெரிக்க நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெரிய வண்டிகள் சிலவற்றின் பயனர் கையேட்டில் இதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது: கரடுமுரடான நிலத்தில் ஓட்டுமுன் காற்றணையைக் கழற்றலாம்; நெடுநாள் அது இல்லாமல் ஓட்டினால் இயந்திரத்திற்குச் செல்லும் காற்றோட்டம் கெடும்; ஆகவே திரும்பப் பொருத்திவிட வேண்டும். 2019-ஆம் ஆண்டின் ராம் 1500 பிக்கப் இன்னும் ஒரு படி மேலே சென்றது. அதில் காற்றணை மணிக்கு 35 மைல், அதாவது சுமார் 56 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போது தானாகவே இரண்டரை அங்குலம் கீழிறங்கும். காற்றணை எல்லா வேகத்திலும் தேவைப்படுவதில்லை என்பதைத் தயாரிப்பாளர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

நம் சட்டம் இதை எவ்வாறு பார்க்கிறது? 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52-இன்படி, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும் வகையில் உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. மாற்றங்களுக்கு இடங்கொடுத்த கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பைத் தள்ளியது. அதே ஆண்டின் திருத்தத்தில் சேர்ந்த பிரிவு 182ஏ, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது.

காற்றணையைக் கழற்றுவது இந்த வரையறைக்குள் வருமா? வண்டியின் அடிப்படைத் தன்மையை மாற்றும் கட்டமைப்பு மாற்றமே 'மாற்றம்' என்று பிரிவு 52-இன் விளக்கம் கூறுகிறது. இயந்திர எண், அடிச்சட்ட எண், எடை, நிறம், இருக்கை எண்ணிக்கை ஆகியவை இடம்பெறும் பதிவுச் சான்றிதழில் காற்றணைக்கு ஒரு வரியும் இல்லை. கிளிப்புகளிலும் சில திருகாணிகளிலும் நிற்கும் ஒரு பட்டையைக் கழற்றுவது கட்டமைப்பு மாற்றம் ஆகாது என்று வலுவாகவே வாதிடலாம். ஆனால் அந்த வாதத்தைச் சாலையோரத்தில், காய்கறி வாடிக்கொண்டிருக்கும் வேளையில், அதிகாரியிடம் ஓட்டுநர் எடுத்துரைக்க வேண்டும். சட்டம் தெளிவில்லாமல் இருக்கும் இடத்தில் அதன் பாரம் ஏழையின் தலையில் இறங்குகிறது.

வண்டியை மாற்ற எவருக்கும் தடையற்ற உரிமை வேண்டும் என்ற எதிர்முனையும் ஏற்கத்தக்கதன்று. முன்பக்கத்தில் இரும்புக் குழாய்களைக் கொண்டு பொருத்தும் புல் பார்களை 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் தடுத்தது, அது நியாயமானது. அந்த இரும்பு, நடந்து செல்பவரின் உடலைத் தாக்குகிறது. மோதலின் விசையை வண்டியின் சட்டத்திற்கு நேராகக் கடத்தி, காற்றுப்பைகள் உரிய நேரத்தில் விரிவதையும் குழப்பக்கூடும். ஒருவர் தம் வண்டியைக் காக்க அடுத்தவரின் கால்களைப் பணயம் வைக்கும் செயல் அது. காற்றணையைக் கழற்றுபவர் பணயம் வைப்பதோ பெரும்பாலும் தம் எரிபொருளையும் தம் இயந்திரத்தையும். தீங்கு யார்மேல் விழுகிறது என்பதே இரண்டையும் பிரிக்கும் கோடு. 'மூல விவரக்குறிப்பிலிருந்து விலகியதா' என்ற ஒற்றைக் கேள்வியால் அந்தக் கோட்டைக் காண இயலாது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் அவசியம். சில வண்டிகளில் பம்பரின் கீழ்ப்பகுதி, மோதலின்போது பாதசாரியின் காலைத் தாங்குவதற்காகவே வடிவமைக்கப்படுகிறது. அது காற்றணையைப் போலத் தோன்றினாலும் காற்றணை அன்று, அதைத் தொடக்கூடாது. எது கழற்றத்தக்கது, எது கழற்றத்தகாதது என்பதைத் தயாரிப்பாளரே பயனர் கையேட்டில், மலையாளத்திலும் தமிழிலும் தெளிவாக எழுதித் தரவேண்டும். கழற்றும் முறை, திரும்பப் பொருத்தவேண்டிய சூழல், தாண்டக்கூடாத வேகம் ஆகியவை அதில் இருக்கவேண்டும். அவ்வாறு எழுதப்பட்ட கழற்றல், பிரிவு 52-இன் பொருளில் மாற்றம் அன்று என்று அமைச்சகம் ஒரு சுற்றறிக்கையால் அறிவித்துவிடலாம். வேகத்தடைகளை ஐஆர்சி அளவுக்குத் திருத்துவது உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பு. அதைச் செய்தால் கழற்றவேண்டிய தேவையே பாதி குறையும்.

பட்டறையில் பிறக்கும் அறிவை நம் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் 'தற்காலிக ஒட்டுவேலை' என்ற பெயரில் ஒதுக்குகின்றன. பொறியியல் துறை அதைப் பிழையாகப் பார்க்கிறது. சமூகவியல் துறையோ அதைக் கொண்டாடிவிட்டு நகர்ந்துவிடுகிறது. இரண்டுமே அளந்து பார்ப்பதில்லை. கரமனையில் ஓடும் ஒரு பிக்கப், பட்டையுடன் ஒரு மாதமும் பட்டையின்றி ஒரு மாதமும் எவ்வளவு டீசல் குடிக்கிறது, அதன் குளிர்நீர் எந்த வெப்பத்தை எட்டுகிறது என்பது ஒரு முதுகலை மாணவர் செய்து முடிக்கக்கூடிய ஆய்வு. அப்படிப்பட்ட ஆய்வுகள் பத்து இருந்தால், சாலையோரத்தில் அபராதச் சீட்டை எழுதும் அதிகாரிக்கும் அதைக் கையில் வாங்கும் ஓட்டுநருக்கும் பேசுவதற்கு ஒரு பொதுமொழி கிடைக்கும்.